காற்றுக்கு முந்திய தும்மல்

ஏசி இன்னும் மூச்சுகூட விடவில்லை. அதற்குள் குரல்காரர் தும்மிவிட்டார்.

அதுதான் அவருக்குப் புரியவே இல்லை. ரிமோட்டை நீட்டி அமுக்கினால் ஏசி முதலில் 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். பிறகு அதன் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். பிறகு, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஆள் ஒரு கண்ணை மட்டும் திறப்பது மாதிரி, அடியில் இருக்கும் மடல் மெல்லத் திறக்கும். அதற்கும் பிறகுதான் உள்ளே விசிறி சுழன்று காற்று வரும். தூசி வருவதென்றால் அந்தக் காற்றோடு சேர்ந்துதான் வர முடியும். தும்மலோ, பச்சை விளக்கு எரிவதற்குள் வந்துவிடுகிறது.

"வராத காத்துக்கு நான் எப்படிய்யா தும்ம முடியும்?" என்று ஏசியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

பதிலாக இன்னொரு தும்மல் வந்தது.

குரல்காரர் என்றால் மேடையில் முழங்குகிறவர் இல்லை. லிஃப்டில் பேசுகிறவர். நீங்கள் எங்காவது ஒரு லிஃப்டில் ஏறி, "கதவு மூடுகிறது" என்று பொறுமையான ஓர் ஆண் குரல் சொல்லக் கேட்டிருந்தால், அது இவராக இருக்கலாம். வீட்டின் சின்ன அறையில் ஒரு மைக், ஒரு நாற்காலி, சுவரில் கொஞ்சம் பஞ்சுப் பலகை, சன்னலில் கம்பளி மாதிரி கனத்த ஒரு திரை. இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை.

இப்போது கிடைத்திருப்பது பெரிய வேலை. புதிதாகக் கட்டிய மருத்துவமனை ஒன்றின் லிஃப்டுகள் அத்தனைக்கும் குரல். லிஃப்ட் கம்பெனியின் மேலாளர் அம்மா போனிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"சார், எங்க டைரக்டர் கம்ப்யூட்டர் குரலே போதும்னு நிக்கிறார். நான்தான் மனுஷக் குரல் வேணும்னு அடம்பிடிச்சு உங்களுக்கு வாங்கியிருக்கேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வந்துடணும். இல்லேன்னா இனிமே எல்லா லிஃப்டுக்கும் கம்ப்யூட்டர்தான்."

"வந்துடும் மேடம்… ஹச்ச்!"

"என்ன சார் சத்தம்?"

"கதவு சாத்திக்கிச்சு மேடம்."

இந்த வேலை போனால் எல்லா வேலையும் போன மாதிரிதான். போனால் என்ன ஆகும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். வந்து போகும்போதெல்லாம், "மாப்ளே, கம்ப்யூட்டருக்கு மூக்கு கிடையாது. உங்களுக்கு இருக்கு. யோசிச்சுப் பாருங்க. நம்ம கடையில ஒரு நாற்காலி காலியாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

அந்த நாற்காலியில் குரல்காரர் ஏற்கெனவே கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்தவர். வாடிக்கையாளரை வழியனுப்பக் கடை வாசலுக்கு வந்தால் தும்மல், வண்டியிலிருந்து சரக்கு இறக்குவதைப் பார்க்கத் தெருவுக்கு வந்தால் தும்மல். வெளி உலகமே தன் மூக்குக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, அறைக்குள் உட்கார்ந்து பார்க்கிற தொழிலாகத் தேடிப் பிடித்தவர் அவர். இப்போது அறைக்குள்ளேயே தும்மல் வந்துவிட்டது. இதற்குமேல் உள்ளே போக அவருக்கு இடமில்லை.

ஏசி இல்லாமலே பேசிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தம் உள்ளே வராத அறை என்றால் காற்றும் உள்ளே வராத அறை என்று அர்த்தம். கால் மணி நேரத்தில் அது அடுப்பாகிவிடும். ஏசியை ஓடவிட்டபடி பேசினால் அதன் இரைச்சல் மைக்கில் விழும். ஆகவே ஏசியைப் போட்டு, அறையைக் குளிரவைத்து, அணைத்து, நான்கு தளம் பேசி, வேர்த்ததும் மறுபடி போட வேண்டும். ரிமோட்டோ கிழடு. ஏசியின் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடி அமுக்கினால்தான் கேட்கும். குளிர்காலம் முழுக்க அதைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. வசந்தம் வந்து மரங்கள் பூத்ததும் வெக்கை தொடங்கியது, கூடவே தும்மலும் தொடங்கியது.

ஒரு தும்மலை வெட்டி எறிந்துவிடலாம். ஆனால் அது போகும்போது மூக்கை அடைத்துவிட்டுப் போகிறது. மூக்கு அடைத்தவுடன் 'மூன்றாம் தளம்' என்பது 'பூன்றாப் தளப்' ஆகிவிடுகிறது. தரைத்தளத்தில் ஏறிய ஆள் மேலே போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் மாறி மாறிப் பேசியதாக நினைத்துக்கொள்வார்.

"இது சீசன்ங்க" என்றாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "தெருவெல்லாம் மரம் பூத்துக் கிடக்கு. கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. மகரந்தம். இந்த மாத்திரையைப் போடுங்க."

"தூக்கம் வருமா?"

"லேசா."

மறுநாள் மாலை அவள் பதிவைக் கேட்டுப் பார்த்தாள். ஐந்தாம் தளம் வரை தெம்பாகப் போயிற்று. ஆறாம் தளத்தில் ஒரு கொட்டாவி. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை.

"என்னங்க, லிஃப்ட் ஏழாவது மாடிக்குப் போகவே இல்லையே. ஆறுலேயே குறட்டை விடுது."

"நோயாளிங்களுக்கு அது நல்லதுதானே."

"ஆபரேஷன் பண்ணப் போற டாக்டரும் அதே லிஃப்ட்லதான் போவாரு."

மாத்திரை நின்றது. இனி ஏசியிலேயே கை வைத்துவிடுவது என்று குரல்காரர் தீர்மானித்தார்.

ஏசியைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்ததன் அருமை தெரியாது. பலரும் நினைப்பது போல அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே தன் மேல்பக்கமாக இழுத்து, ஃபில்டர் என்கிற வலையில் வடிகட்டி, சில்லென்று இருக்கும் உலோகத் தகடுகளுக்கு நடுவே தவழவிட்டு, கீழ்ப்பக்கமாக நமக்கே திருப்பிக் கொடுக்கிறது. வலையில் தூசி அடைத்தால் காற்று திணறும். ஆகவே சீசன் தொடங்குமுன் வலையைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவது மிகவும் நல்லது.

குரல்காரர் கழற்றினார். கழற்றும்போது அண்ணாந்து பார்த்ததால் தும்மினார். அந்தத் தும்மலில் வலைமேல் இருந்த தூசி முழுவதும் மைக்குமேல் போய் உட்கார்ந்தது. மைக்கைத் துடைத்தார். வலையைக் குழாயடியில் கழுவினார். பால்கனிக்கு எடுத்துப் போனார். வாசல்படியைத் தாண்டியதுமே ஒரு தும்மல்.

"இன்னும் அழுக்குப் போகல" என்று திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி பால்கனி. மறுபடி தும்மல். மறுபடி சோப்பு. கடைசியில் வலை, கண்ணுக்கே தெரியாத அளவு சுத்தமாகிவிட்டது. கொடியில் மாட்டிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்.

நிழலில் என்று சொன்னேன் இல்லையா? அவர் வெயிலில் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் சட்டம் அப்பளமாக வளைந்துபோயிற்று. அதை அழுத்தித் திணித்து மாட்டினார். ஏசியைப் போட்டதும் முதலில் பீப், அடுத்தது தும்மல், கடைசியாகப் புதிதாக 'கிடுகிடுகிடு' என்று ஒரு சத்தம்.

மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மெக்கானிக் ஏணியில் ஏறுவதற்கு முன் டாக்டர் மாதிரி விசாரித்தார்.

"எப்ப சார் தும்மல் வருது? ஏசி போட்டப்புறமா?"

"போடும்போதே. காத்து வர்றதுக்கு முந்தியே."

"முந்தியேவா? அப்ப ஏசி மேல கேஸ் நிக்காதே சார்."

"கேஸ் போடல. கழுவத்தான் கூப்பிட்டேன்."

"கழுவிடலாம். குளிர்காலம் பூரா சும்மா கிடந்த மெஷின் சார் இது. உள்ளே ஈரமும் தூசியும் சேர்ந்து பூஞ்சை பிடிச்சிருக்கும். தும்மலுக்குப் பேர்போனது பூஞ்சை."

புது ஃபில்டர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, ஏசியைச் சுற்றி ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, பம்பால் தண்ணீரைப் பீய்ச்சினார். கறுப்பாக வழிந்தது. பார்க்கப் பார்க்கக் குரல்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவும் தன் மூக்குக்குப் போயிருக்க வேண்டியது! கறுப்பு பழுப்பாகி, பழுப்பு தெளிந்து, வெறும் தண்ணீர் வந்தது. மெக்கானிக் தகடுகளைத் துடைத்து, நெற்றியில் கட்டியிருந்த டார்ச்சை எரியவிட்டார்.

"வாங்க சார், ஏறிப் பாருங்க. மூஞ்சி பார்த்துத் தலை சீவலாம்."

குரல்காரர் ஏணியில் ஏறினார். தகடுகள் வெள்ளியாகப் பளபளத்தன. டார்ச் வெளிச்சம் அவற்றில் பட்டு மின்னியது.

"ஆஹா… ஆ… ஹச்ச்! ஹச்ச்!"

"சார்! இப்பதான் சார் துடைச்சேன்!"

"மன்னிச்சுக்கப்பா."

மெக்கானிக் மறுபடி துடைத்தார். பிறகு ஏணியில் நின்றபடியே அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை திரைமேல் நின்றது. ஏசிக்கு நேர் கீழே சன்னல், சன்னலில் அந்தக் கனத்த திரை. கனம் தாங்காமல் திரைக்கம்பி நடுவில் தொய்ந்து, மேலே ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது.

"இதை எப்ப சார் துவைச்சீங்க?"

குரல்காரர் யோசித்தார். "வாங்கும்போது புதுசாத்தான் இருந்தது."

"அப்ப இதுதான் சார் ஆள். தூசியெல்லாம் இதுலதான் குடித்தனம் பண்ணுது. கழற்றிப் போடுங்க. ஏசிக்கு நான் வாக்கு கொடுக்கிறேன், அது நிரபராதி."

திரை கழன்று வாளிக்குள் போயிற்று. அறை பளிச்சென்று ஆனது. குரல்காரர் நம்பிக்கையோடு ரிமோட்டை நீட்டி, ஏசியை அண்ணாந்து பார்த்தார்.

இதுவரை ஒன்றும் இரண்டுமாக வந்துகொண்டிருந்த தும்மல் இப்போது குடும்பத்தோடு வந்தது.

அதோடு, மெத்தென்ற துணி போய் வெறும் கண்ணாடி வந்ததால் அறை எதிரொலித்தது. 'இரண்டாம் தளம்' என்று அவர் சொன்னால், கிணற்றுக்குள் விழுந்த ஒருவர் அங்கிருந்தே தளத்தை அறிவிப்பது போல இருந்தது. எதிர்க் கட்டடத்தின் பால்கனியில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இவரையே பார்த்தார். குரல்காரர் கையசைத்தார். அவரும் கத்தியை எடுத்துப் பதிலுக்கு அசைத்தார்.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்ததும் நேரே அறைக்குப் போய் ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கே, என் முன்னாடி போடுங்க."

போட்டார். பீப். பச்சை விளக்கு. மடல் திறந்தது. காற்று வந்தது. தும்மல் வரவில்லை.

மறுபடி போட்டார். வரவில்லை. வேண்டுமென்றே மூக்கை ஏசிப் பக்கம் தூக்கிக் காட்டினார். மூக்கு அசையவே இல்லை.

"ஓஹோ" என்றாள் மனைவி.

"என்ன ஓஹோ?"

"வேலை நேரத்துல மட்டும் வர்ற தும்மல். எங்க முதலாளி பையனுக்கு இருக்கிற வயித்துவலி மாதிரி."

"அடியே, நான் என்ன லீவு போடவா தும்முறேன்? எனக்கு நானேதானே முதலாளி!"

"அப்ப இப்பவே பேசி முடிச்சுடுங்க, பார்ப்போம்."

பேச முடியாது. மாலையில் கீழே பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அது முடிந்தால் தெருவில் வண்டிகள். இரவானால் சுற்றியிருக்கிற எல்லா வீட்டு ஏசிகளும், வெளிச்சுவரில் மாட்டியிருக்கிற தங்கள் பெட்டிகளை உறுமவிடும். ஊரே வேலைக்குப் போன காலை வேளையில்தான் லிஃப்ட் பேச முடியும். அதை அவர் விளக்கிச் சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. ஆனால் அவர் முகம் தொங்கியதைப் பார்த்து, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"மகரந்தம் காலையிலதான் அதிகமாப் பறக்கும்ங்க. கடையில டாக்டரே சொன்னார். அந்தக் கண்ணாடியைப் பாருங்க, வெளிப்பக்கம் எவ்வளவு ஒட்டிக்கிடக்குன்னு. காலையில துடைச்சுடுங்க."

உண்மைதான். குளிர்காலத்து அழுக்கும் மரத்தின் மஞ்சள் பொடியும் சேர்ந்து கண்ணாடி, மோர் ஊற்றிக் கழுவாத டம்ளர் மாதிரி மங்கிக் கிடந்தது. வியாழக்கிழமை காலை அவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு துடைத்தார். உள்ளே துடைத்தார், கம்பி வழியே கையைவிட்டு வெளியே துடைத்தார், செய்தித்தாளால் தேய்த்தார். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வந்ததும் ரிமோட்டை எடுத்தார்.

அந்த முறை அவர் நிறுத்தாமல் தும்மியதில் நாற்காலி தானாகவே சுவர்வரை நகர்ந்துபோய்விட்டது. எதிர்ப் பால்கனி அக்கா எழுந்து நின்றே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்தார்.

"மாப்ளே, தங்கச்சி போன்ல எல்லாம் சொல்லிச்சு. ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல?"

"சொன்னா நாற்காலி காலியா இருக்குன்னு சொல்வீங்க."

"அது எப்பவும் இருக்கு. அதை விடுங்க. உங்க பிரச்சினை என்ன? தூசி. தூசி எங்கே ஒட்டும்? சொரசொரப்பா இருக்கிற இடத்துல. உங்க சுவரைப் பாருங்க, பஞ்சு! தூசிக்கு மெத்தை போட்டு வச்சிருக்கீங்க. எங்கே ஒட்டாது?"

குரல்காரருக்குப் பதில் தெரியும். சொல்லப் பயமாக இருந்தது.

"டைல்ஸ்!" என்றார் மச்சானே. "வெள்ளை, பளபளா. ஈ உட்கார்ந்தா வழுக்கி விழும். ஆஸ்பத்திரியில ஏன் டைல்ஸ் போடறாங்க? நீங்க ஆஸ்பத்திரிக்குத்தானே பேசறீங்க?"

இந்தக் கடைசி வாதத்தில் எங்கோ ஒரு ஓட்டை இருந்தது. ஆனால் தும்மித் தும்மிக் களைத்த மூளைக்கு அது அகப்படவில்லை. மத்தியானத்துக்குள் மச்சானின் ஆட்கள் இருவர் வந்து சன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்த பஞ்சுப் பலகைகளைப் பிய்த்துவிட்டு, தரை முதல் கூரை வரை வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். மாலையில் வந்த மனைவி அறைக்கதவைத் திறந்து, ஒரு கணம் நின்று, மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணா, குளியல் தொட்டி எப்ப வருது?"

"நாளைக்குக் காலையில பாரும்மா. தும்மல்ங்கிற பேச்சே இருக்காது" என்றார் மச்சான்.

வெள்ளிக்கிழமை காலை. மனைவி கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். தன் டைல்ஸின் வெற்றியைப் பார்க்க மச்சான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். எதிர்க் கட்டடத்துக்கும் அதற்கு அடுத்த கட்டடத்துக்கும் இடையே சூரியன் எட்டிப் பார்த்தது. துடைத்த கண்ணாடி வழியே நுழைந்து, நேரே போய் வெள்ளைச் சுவரில் மோதியது. அறையில் மூலை என்று சொல்லிக்கொள்ள ஓர் இருட்டு மூலைகூட மிஞ்சவில்லை.

குரல்காரர் உள்ளே காலை வைத்தார். இந்த முறை ரிமோட்டை எடுக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. ஏசிப் பக்கம் பார்த்தாலும் தும்மல், முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தாலும் தும்மல்.

"மச்சான்… ஹச்ச்… உங்க டைல்ஸ்… ஹச்ச்!"

"டைல்ஸைச் சொல்லாதீங்க. ஒட்டற சிமெண்டு காய்ஞ்சிருக்காது. ரெண்டு நாள் ஆகட்டும்."

"ரெண்டு நாளா! மத்தியானம் கடைசிங்க!"

போன் அடித்தது. மேலாளர் அம்மா.

"சார், டைரக்டர் என் பக்கத்துலதான் நிக்கிறார். ஒரு வரி மட்டும் அவருக்குப் பேசிக் காட்டுங்களேன், போதும்."

குரல்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி துணி கிளிப் ஒன்றைக் கொடியிலிருந்து பிடுங்கி வந்து அவர் மூக்கில் மாட்டினாள். அவர் போனில் பேசினார்.

"கதவு பூடுகிறது. பத்தாப் தளப்."



"பத்தாப்பு எங்கே சார் வந்தது?"

"பத்தாப் தளப் பேடப்."

"சார், பன்னிரண்டு மணி வரைக்கும்தான் என்னால டைரக்டரைப் பிடிச்சு வைக்க முடியும்" என்று போன் வைக்கப்பட்டது.

குரல்காரர் கிளிப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ பேரைப் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்த குரல் அது. இப்போது முதல் மாடிகூட ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டது. மச்சான் அவர் தோளில் கை வைத்தார்.

"விடுங்க மாப்ளே. கடையில அந்த நாற்காலிக்குப் புது மெத்தை போட்டிருக்கேன்."

மனைவி அண்ணனை முறைத்தாள். "அண்ணா, நீ கொஞ்சம் சும்மா இரு. அவருக்கு இதைத் தவிர வேற எதுவும் பிடிக்காது. இது போச்சுன்னா மனுஷன் ஊமையாயிடுவார்."

வாசல் மணி அடித்தது. எதிர்க் கட்டடத்து அக்கா. கையில் கத்தி இல்லை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுத் தும்மல் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

மச்சான் சட்டென்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "தொத்து! நான் நினைச்சேன்!"

"யாருக்குக்கா?" என்றாள் மனைவி பதறி.

"எங்க வீட்டுக்காரருக்கு. அடுப்படியில சாப்பிட உட்கார்ந்தார். நேத்து வரைக்கும் அதே இடத்துலதான் உட்கார்ந்தார், ஒரு தொந்தரவும் இல்ல. இன்னிக்கு ஒரு வாய் எடுத்தா ஒரு தும்மல். சட்டையெல்லாம் சாப்பாடு."

"மகரந்தம் தெருவைத் தாண்டிப் பறந்திருக்கும். இருங்க, மாத்திரை எடுத்துட்டு வர்றேன்."

"மாத்திரை எதுக்கு? உங்க சன்னல் திரை எங்கே?"

"துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். ஏன்?"

"கொண்டாங்க."

அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரே அறைக்குள் போனார். திரையின் ஒரு முனையை மச்சான் கையில் திணித்து, நாற்காலிமேல் ஏறச் சொன்னார். இன்னொரு முனையோடு தானே முக்காலியில் ஏறினார்.

"கம்பியில வேண்டாம், அது தொங்குது. ஏசிக்கு அடி வரைக்கும் தூக்கிப் பிடிங்க. இன்னும் மேலே. ஒரு கீத்து வெளிச்சம்கூட வரக்கூடாது."

அறை மங்கியது. வெள்ளைச் சுவர் சாம்பல் நிறமானது.

"தம்பி, இப்ப ஏசியைப் போடுங்க."

குரல்காரர் தயங்கித் தயங்கி ரிமோட்டை நீட்டினார். அண்ணாந்து பார்த்தார். பீப். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டாள். பச்சை விளக்கு. மடல் திறந்தது. விசிறி சுழன்று, சில்லென்ற காற்று நேரே அவர் மூக்கில் வந்து மோதியது. எல்லோரும் அந்த மூக்கையே பார்த்தார்கள்.

மூக்கு சும்மா இருந்தது.

"பேசுங்க, பேசுங்க!" என்றாள் மனைவி.

அறை குளிர்ந்ததும் ஏசியை அணைத்துவிட்டு அவர் மைக் முன் நின்றார். கனத்த துணி திரும்பி வந்ததில் எதிரொலியும் அடங்கியிருந்தது. தரைத்தளத்தில் தொடங்கினார். கதவு திறந்தது, மூடியது. அவசரப் பிரிவு, எக்ஸ்ரே, குழந்தைகள் பிரிவு என்று, வேர்த்தும் ஏசிக்காக நிறுத்தாமல், குரல் வெண்ணெயாக மேலே மேலே போயிற்று. பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் மச்சானால் கை வலிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. ஆறாம் தளத்தில் அவர் முகம் சிவந்தது, எட்டாம் தளத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார், மொட்டைமாடி வந்ததும் திரையோடு சேர்ந்து அப்படியே தரையில் சரிந்தார்.

வெயில் பாய்ந்து உள்ளே வந்தது. குரல்காரர் நிமிர்ந்து, "அக்கா, நீங்க என்ன மந்திரம்… ஹச்ச்!" என்றார்.

அக்கா முக்காலியிலிருந்து இறங்கிப் புடவையை உதறிக்கொண்டார்.

"மந்திரமும் இல்ல, மகரந்தமும் இல்ல தம்பி. எங்க வீட்டுக்காரருக்குப் பொறந்ததுலேர்ந்தே கண்ணுல வெயில் பட்டாத் தும்மல் வரும். இன்னிக்கு உங்க டைல்ஸ்ல பட்ட வெயில் திரும்பி வந்து எங்க அடுப்படியில அவர் கண்ணுல அடிச்சப்பதான், நீங்களும் அதே ரகம்னு எனக்குப் புரிஞ்சுது. ஏசியை விட்டுடுங்க, திரையை இன்னும் ஒரு சாண் மேலே ஏத்தி மாட்டுங்க, சரியாயிடும்."